கையில் கொடுக்கும் படத்தொகுப்பு

தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்கு அருகில், தோணிகளைப் பழுதுபார்க்கும் இடமொன்றில், மரத்தூள் படிந்த பலகையின் மேல் டேப்லெட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு, நான் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தேன். மரக்கலம் கட்டும் தச்சரைக் கடற்கரையில் ஓடாவி என்பார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த மூத்த ஓடாவி நான்காவது படத்திலேயே பொறுமையிழந்து, "இங்கன கொடுங்க தம்பி, நான் பாத்துக்கிடுதேன்" என்று அதை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார். குங்கிலியமும் எண்ணெயும் ஊறிப்போன அவருடைய விரல் தோணிகளைத் தாண்டி, உப்பளங்களைத் தாண்டி, என் அக்காள் மகளின் காதணி விழாவையும் தாண்டி, எங்கள் வீட்டு மின்கட்டண ரசீதின் படத்தில் போய் நின்றது. "இது எந்த ஊர்த் தோணி?" என்று சிரிக்காமல் கேட்டார்.

அது 2014ஆம் ஆண்டு ஆனி மாதம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தோணிகள் கடலுக்குப் போவதில்லை. மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போய்வந்தவை ஒதுங்கி நின்று பழுதுபார்க்கப்படும் பருவம் என்பதால், ஓடாவிகளின் வேலையைப் படமெடுக்க அதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் காமிராவோடு உள்ளே நுழைகிறவனை எவரும் உடனே நம்பிவிடுவதில்லை. எதற்கு எடுக்கிறாய், எந்தப் பத்திரிகை, எங்கே போடுவாய் என்ற மூன்று கேள்விகளுக்கும் வாய்வார்த்தையாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, முன்பு எடுத்த படங்களைக் காட்டிவிடுவதே குறுக்கு வழி என்பதை நான் அதற்கு முன்பே கண்டிருந்தேன். காட்டுவதற்கும் கையில் கொடுப்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அந்த மின்கட்டண ரசீதுதான் சொல்லிக்கொடுத்தது.

டேப்லெட்டுக்கு முன்பு நான் சுமந்து திரிந்தது ஓர் ஆல்பம். 12க்கு 18 அங்குல அளவில் முப்பது படங்கள், ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை, மேலே ரெக்சின் அட்டை என்று நான்கு கிலோவுக்கு மேல் எடை இருந்தது. பேருந்தில் ஏறினால் அதற்குத் தனியாக ஓர் இருக்கை எடுத்துவிடலாமா என்று தோன்றும். கடற்கரையின் ஈரக்காற்றில் படத்தாள் உறையோடு ஒட்டிக்கொண்டு, உரித்தெடுக்கும்போது வானத்தின் பாதி உறையிலேயே தங்கிவிட்ட படங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. 2010இல் வந்த முதல் ஐபேடின் எடை 680 கிராம். இப்போது என்னிடமிருக்கும் 2021ஆம் ஆண்டு மாதிரி அரைக் கிலோகூட வராது. எடையை மட்டும் வைத்துப் பார்த்தால் இதில் பேசுவதற்கே ஒன்றுமில்லை. இருந்தாலும் அந்த ஆல்பத்துக்கு ஒரு குணம் இருந்தது. அதை யாரிடம் கொடுத்தாலும், எப்படிப் பார்ப்பது என்று கேட்காமல் மடியில் வைத்துப் புரட்டினார்கள். பிடித்த பக்கத்தில் நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். டேப்லெட் வந்த பிறகோ நான் பிரம்பில்லாத வாத்தியார்போல அருகில் நின்றுகொண்டு, அடுத்தது, அடுத்தது என்று நடத்தத் தொடங்கியிருந்தேன். ஆல்பத்தின் அந்தக் குணத்தை டேப்லெட்டுக்குள் கொண்டுவருவதற்கு நான் பட்ட பாடுகள்தான் இந்தப் பதிவு.

முதல் வேலை, படத்தொகுப்பை என் சொந்த வாழ்க்கையிலிருந்து பிரித்தெடுப்பது. நான் கண்ட தீர்வு கொஞ்சம் முரட்டுத்தனமானது: இந்த டேப்லெட்டில் தொகுப்பைத் தவிர வேறெதுவும் கிடையாது. மின்னஞ்சல் இல்லை, வாட்ஸ்அப் இல்லை, காதணி விழாவும் இல்லை. அதற்கு மேல், ஐபேடில் 2012 முதலே இருந்துவரும் கைடட் ஆக்சஸ் என்ற வசதியை இயக்கிவிட்டால் திரை ஒரே செயலிக்குள் பூட்டப்பட்டுவிடும். தொகுப்பைவிட்டு வெளியேறும் அம்புக்குறி இருக்கும் மூலையை விரலால் வட்டமிட்டு, அந்த இடத்தைத் தொட்டாலும் ஒன்றும் நடக்காதபடி செய்துகொள்ளலாம். ஆண்ட்ராய்டிலும் 2014இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து இதைப் போன்றதொரு வசதி உண்டு. பார்ப்பவர் எதையாவது கிளறிவிடுவாரோ என்ற சந்தேகத்தில் இதைச் செய்வதாக நினைக்க வேண்டாம். "ஏதாவது அமுங்கிருமோ" என்ற பயத்தோடு விரலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கும் பெரியவர்களிடம், "எங்க வேணும்னாலும் அமுக்குங்க, ஒண்ணும் ஆகாது" என்று மனதாரச் சொல்ல முடிய வேண்டும்; அதற்காகத்தான் பூட்டு.

எந்த டேப்லெட் வாங்கலாம் என்று நண்பர்கள் கேட்கும்போது, திரையின் வடிவத்தைப் பற்றித்தான் மிகவும் குழம்பிக் கேட்கிறார்கள். பழைய பிலிமின் 24க்கு 36 மில்லிமீட்டர் சட்டத்தின் வழிவந்த 3:2 என்ற விகிதத்தில்தான் பெரும்பாலான டி.எஸ்.எல்.ஆர். காமிராக்கள் படமெடுக்கின்றன. என் ஐபேடின் திரையோ 4:3. ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் பல 16:10. ஆகவே எதை வாங்கினாலும் படத்தின் ஓரங்களில் கறுப்புப் பட்டை விழத்தான் செய்யும். 10.2 அங்குல ஐபேடில் ஒரு கிடைமட்டப் படம் 2160க்கு 1440 புள்ளிகளாக அமர்ந்து மேலும் கீழும் பட்டை விடும், 10.1 அங்குலத் திரையுள்ள 16:10 டேப்லெட்டில் இடமும் வலமும் பட்டை விடும். அளவுகோலை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால், இரண்டிலும் படத்தின் அகலம் ஏறத்தாழ எட்டு அங்குலம்தான். இந்த விஷயத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. நான் 4:3ஐ வைத்திருப்பதற்கு ஒரே காரணம், செங்குத்தாகப் பிடிக்கும்போது அது ஒரு புத்தகத்தைப் போலக் கையில் அமர்கிறது. நீளமான மற்றதோ ஓட்டலில் கொண்டுவந்து வைக்கும் மெனு அட்டையை நினைவூட்டுகிறது.

வடிவத்தைவிடப் பெரிய தொல்லை, படத்தின் திசை. கிடைமட்டப் படங்களுக்கு நடுவே செங்குத்துப் படம் ஒன்று வந்தால், பார்ப்பவர் இயல்பாகவே டேப்லெட்டைத் திருப்புவார்; படமும் சுழன்று திரையை நிரப்பும். அடுத்து கிடைமட்டப் படம் வரும். மறுபடியும் திருப்ப வேண்டும். மூன்றாவது முறை திருப்பும்போது சலிப்பு வந்துவிடும், அதன் பிறகு செங்குத்துப் படங்களைச் சிறிதாகவே பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார்கள். போதாக்குறைக்கு, மேசையில் படுக்க வைத்துவிட்டால் எது மேல், எது கீழ் என்று கருவிக்கே தெரியாமல் போய், எதிரில் இருப்பவருக்குத் தோணி தலைகீழாக மிதக்கும். நான் இப்போது செங்குத்துப் படங்களையெல்லாம் சேர்த்து ஒரே தொடராக நடுவில் வைத்துவிடுகிறேன். பார்ப்பவர் ஒரு முறை திருப்பினால் போதும், இன்னொரு முறை திருப்பி முடித்துவிடலாம். படங்களின் வரிசையைக் கருவியின் சௌகரியத்துக்காக மாற்றுவது முதலில் உறுத்தியது. பழைய ஆல்பத்திலும் இதைத்தான் செய்திருந்தேன் என்பது பிறகு நினைவுக்கு வந்தது.

கோப்புகளைத் தயாரிப்பதில் நான் கற்றுக்கொண்டவை எல்லாம் அவமானப்பட்டுக் கற்றுக்கொண்டவை. முதலாவது கோடியக்கரையில் நடந்தது. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக மூலப்படங்களைக் கிளவுடில் வைத்துக்கொண்டு, கருவியில் சிறிய பிரதிகளை மட்டும் வைத்திருக்கும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. சென்னையில் பளிச்சென்று தெரிந்த படங்கள், கைபேசிச் சமிக்ஞை கிடைக்காத அந்தக் கடலோரத்தில் சோற்றுக் கஞ்சி மாதிரிக் கலங்கித் தெரிந்தன. அதற்குப் பிறகு, ஊரைவிட்டுக் கிளம்புமுன் விமானப் பயன்முறையை இயக்கிவிட்டு ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்க்காமல் நான் பையை மூடுவதில்லை.

இரண்டாவது, நிறம். அச்சுக்காக அடோபி ஆர்ஜிபி என்ற நிறவெளியில், அதாவது நிறங்களை எண்களால் குறிக்கும் முறையொன்றில், சேமித்த சில படங்களை, எந்த நிறவெளி என்ற குறிப்பைக் கோப்பில் ஒட்டாமலே ஏற்றிவிட்டேன். முகங்கள் எல்லாம் சாம்பல் பூத்து, காய்ச்சலில் எழுந்து வந்தவர்கள்போல இருந்தன. திரைக்குப் போகும் எதையும் திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்கு மாற்றித்தான் அனுப்ப வேண்டும் என்பது எல்லாப் பாடங்களிலும் முதல் பக்கத்தில் இருப்பதுதான், பிரயாண அவசரத்தில் அதுதான் முதலில் மறக்கிறது. அதைவிட வேடிக்கையானது மாலை ஏழு மணிக்கு நடந்தது. உப்பு வணிகர் ஒருவருடைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உப்பளப் படங்களைக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இது எங்க பக்கத்து உப்பு இல்லையே தம்பி, பழுப்பா இருக்கே, மண்ணு கலந்திருக்கோ?" என்றார். சூரியன் மறைந்ததும் திரையைத் தானாக மஞ்சளாக்கும் நைட் ஷிஃப்ட் செய்த வேலை அது. வெண்மையை வைத்தே சரக்கின் தரத்தைச் சொல்லும் ஒருவரிடம் மஞ்சள் உப்பைக் காட்டிய நாள் முதல், அதையும், சுற்றியுள்ள விளக்கொளிக்கு ஏற்பத் திரையின் நிறத்தை மாற்றும் ட்ரூ டோன் வசதியையும் அணைத்தே வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, படத்தின் அளவு. திரை 2160 புள்ளி அகலம்தானே என்று படங்களையெல்லாம் அதே அளவுக்குச் சுருக்கிக் கூர்மையாக்கி வைத்திருந்தேன். முழுத்திரையில் அருமையாக இருந்தன. ஆனால் டேப்லெட்டை வாங்கியவுடன் மக்கள் செய்யும் முதல் காரியம், இரண்டு விரலால் விரித்துப் பார்ப்பது. கூட்டத்தில் தன் மாமாவின் முகத்தைத் தேடுவார்கள்; தோணியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெயரைப் படிப்பார்கள்; ஓடாவியின் கையிலிருக்கும் உளி எந்த அளவு என்று பார்ப்பார்கள். நான் ஒளியையும் கோணத்தையும் பார்த்து எடுத்த படத்தில் அவர்கள் ஆளையும் பெயரையும் கருவியையும் பார்க்கிறார்கள். அதற்காக, ஆட்கள் இருக்கும் படங்களை 4000 புள்ளி அகலத்தில் வைக்கத் தொடங்கினேன். ஒரு படம் மூன்று மெகாபைட் வந்தாலும், அறுபது படங்களுக்கு 200 மெகாபைட்கூட ஆவதில்லை. இவ்வளவு மலிவான இடத்தில் அத்தனை நாள் கஞ்சத்தனம் காட்டியதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இனி வெயில். உப்பளத்தில் நின்றுகொண்டு திரையைப் பார்ப்பதைப் போன்ற வீண்வேலை வேறொன்று இல்லை. மேலேயிருந்து சூரியன், கீழேயிருந்து உப்பு என்று இரு பக்கமும் ஒளி அடிக்க, என் டேப்லெட் போன்ற விலை குறைந்த மாதிரிகளில் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே காற்றிடைவெளியும் இருப்பதால் பிரதிபலிப்பு கூடுதலாகி, படத்துக்குப் பதிலாகப் பார்ப்பவரின் முகம்தான் தெரியும். ஒரு பாட்டி சேலைத் தலைப்பைத் தலைக்கும் டேப்லெட்டுக்குமாகச் சேர்த்துப் போர்த்திக்கொண்டு உள்ளே பார்த்ததைக் கண்டபோது, முக்காலியில் பெட்டிக் காமிராவை வைத்துக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்த அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். குளிர்கண்ணாடி போட்டிருப்பவர்களிடம் இன்னொரு சங்கடம் உண்டு: திரையிலிருந்து வரும் ஒளி முனைவாக்கம் (போலரைசேஷன்) பெற்றது என்பதால், போலரைஸ்டு வகைக் கண்ணாடி அணிந்திருந்தால் ஒரு கோணத்தில் திரை முற்றிலும் இருண்டுபோகும், கருவி கெட்டுவிட்டதென்று பதறாமல் கண்ணாடியைக் கழற்றச் சொன்னால் போதும்.

கொட்டகை நிழலுக்குப் போய்விடுவதே நல்லது. அதற்கும் வழியில்லாத இடங்களுக்காக நான் ஒரு தனித் தொகுப்பு வைத்திருக்கிறேன், அதற்கு வெயில் தொகுப்பு என்று பெயர். அதில் இருண்ட படம் ஒன்றுகூடக் கிடையாது. தோணியின் உட்புறம், விடியலுக்கு முன்னே தொடங்கும் உப்பு வாரும் வேலை, குலசேகரன்பட்டினம் தசராவின் இரவுக் காட்சிகள் எல்லாம் நிழல் தொகுப்பில்தான். கறுப்பு அதிகமான படம் வெளிச்சத்தில் வெறும் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும், பிரகாசமான வானமும் வெண்மணலும் உள்ள படங்களோ ஓரளவு தாக்குப்பிடிக்கும். வெயில் தொகுப்பில் இருபது படங்கள்தான் இருக்கின்றன. அவற்றில் எல்லாம் நல்ல படங்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தெரிகிற படங்கள்.

சூடு இன்னொரு எதிரி. ஐபேடை 35 டிகிரி செல்சியஸ் வரைதான் பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். சித்திரை, வைகாசியில் நம் கடற்கரையில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். ஒரு முறை நிறுத்தி வைத்திருந்த காரின் முன்பக்கத்தில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்த் திரும்பினால், திரையில் வெப்பமானிப் படத்தோடு எச்சரிக்கை நின்றுகொண்டிருந்தது. ஆறும்வரை எதுவும் செய்ய முடியவில்லை, காட்ட வேண்டியவரும் காத்திருக்கவில்லை. ஈரத்துண்டில் சுற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நிழலும் காற்றும் போதும். இப்போது பையில் உடுப்புகளுக்கு நடுவில்தான் அதற்கு இடம். உப்புக் காற்றுக்காக சார்ஜ் துளைக்கு ஒரு ரப்பர் மூடியும், தூறலுக்காக ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையும் உண்டு. உறைக்கு மேலேயே விரல் வேலை செய்யும், உறை நனையாத வரையில். மின்சாரத்துக்கு 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று. கணக்கில் அது 74 வாட் மணி என்பதால் விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகத் தடையில்லை. செக்-இன் செய்யும் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டால் மட்டும் திறக்கச் சொல்லி அழைப்பு வரும்.

விமானம் ஏறிப்போய்க் காட்டும் இடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரான்ஸின் ஆர்ல் நகரில் 1970 முதலும், ஹூஸ்டனில் ஃபோட்டோஃபெஸ்ட் என்ற பெயரில் 1986 முதலும் புகைப்பட விழாக்கள் நடந்துவருகின்றன. நம் பக்கத்தில் சென்னை போட்டோ பியனாலே 2016இல் தொடங்கியது. இத்தகைய விழாக்களில், பத்திரிகைப் படப்பிரிவு ஆசிரியர்களும் காட்சிக்கூடத்தாரும் ஒவ்வொரு புகைப்படக்காரருக்கும் இருபது நிமிடம்போல ஒதுக்கித் தொகுப்பைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் அமர்வுகள் நடக்கும். அப்படியொரு அமர்வுக்கு நாற்பது படங்களோடு டேப்லெட்டைக் கொண்டுபோனேன். எதிரில் இருந்த அம்மையார் நாற்பதையும் இரண்டு நிமிடத்துக்குள் தள்ளி முடித்துவிட்டு, "சரி, சொல்லுங்கள்" என்றார். அவர்மேல் பிழையில்லை. தாளில் அச்சிட்ட படத்தை எடுத்து, பார்த்து, மறுபுறம் அடுக்குவதற்குக் கை அசைய வேண்டும். கையின் வேகம் கண்ணின் வேகத்துக்கு இணங்கிப் போகும். திரையிலோ சுண்டுவதற்கு ஒரு விரல் போதும், விரலோ நாள் முழுவதும் கைபேசியில் சுண்டிச் சுண்டிப் பழகியது. என் ஐந்து ஆண்டு வேலை, யாரோ ஒருவருடைய கல்யாண ஸ்டேட்டஸ் போகும் வேகத்தில் போயிற்று.

அந்த அமர்வுக்குப் பிறகு இரண்டு மாற்றங்கள் செய்தேன். நாற்பது படம் பதினெட்டாயிற்று. பிறகு, தொடருக்குத் தொடர் நடுவே படமே இல்லாத ஒரு சாம்பல் நிறச் சட்டத்தைச் செருகினேன். அதில் ஊரின் பெயரும் ஆண்டும் மட்டும் சிறிய எழுத்தில் இருக்கும். வெற்றிடத்தைக் கண்டால் விரல் ஒரு கணம் நின்றுவிடுகிறது, நிற்கும் இடத்தில் பேச்சு பிறக்கிறது. இன்னும் ஒன்று: பெரிய அமர்வுகளுக்குப் போகும்போது 8க்கு 12 அங்குலத்தில் பத்து அச்சுப்படங்களையும் எடுத்துக்கொள்கிறேன். டேப்லெட் வந்துவிட்டதால் தாள் தேவையில்லை என்று யாராவது சொன்னால், அவர் தம் படத்தை நல்ல தாளில் பார்த்ததில்லை என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

ஆனாலும் இந்தக் கருவி தன் முழு உருவத்தைக் காட்டியது காட்சிக்கூடங்களில் அல்ல, வேதாரண்யத்து உப்பளத்தில்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொட்டகையில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் தூத்துக்குடி உப்பளப் படங்களைக் கொடுத்திருந்தேன். அவர்களில் ஓர் அக்கா ஒரு படத்திலேயே வெகுநேரம் நின்றார். கொப்புளம் வெடித்த பாதங்களை நீட்டிக்கொண்டு, முகம் முழுக்கத் தெரிய உட்கார்ந்திருக்கும் ஒரு தொழிலாளியின் படம் அது. "இவங்க படத்த எங்ககிட்ட காமிக்கிறீங்களே, அது இவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. படமெடுக்க அனுமதி கேட்டிருந்தேன், கண்காட்சியில் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தேன். பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய், அதே வேலை செய்யும் வேறு மனிதர்களிடம் காட்டுவேன் என்று எவரிடமும் சொன்னதில்லை. கேட்டவர் என்னைக் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. தம் படமும் நாளைக்கு இப்படி வேறெங்கோ யார் மடியிலோ இருக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்துத்தான் கேட்டார்.

அடுத்த மாதம் தூத்துக்குடிக்குப் போய், தொகுப்பில் அடையாளம் தெரியும்படி இருந்த பத்தொன்பது பேரையும் தேடிப்பிடித்து, டேப்லெட்டைக் கையில் கொடுத்துக் கேட்டேன். பதினான்கு பேர் தாராளமாகக் காட்டிக்கொள்ளச் சொன்னார்கள்; இரண்டு பேர் முகம் தெரியாத படமென்றால் சரி என்றார்கள்; மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். வேண்டாமென்றவர்களில் ஒருவர் வீட்டில், அவர் கண்முன்னாலேயே படத்தை அழித்தேன். பக்கத்தில் நின்ற பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன், "அண்ணே, ரீசண்ட்லி டெலிட்டட்ல முப்பது நாள் இருக்கும், அங்கயும் அழிச்சிருங்க" என்றான். அங்கும் அழித்தேன். அந்தப் பையனிடம் கற்றது இப்போது என் வழக்கம்.

அதே பயணத்தில் இன்னொரு பழக்கமும் சேர்ந்தது. பார்த்து முடித்தவர்களிடம், தங்களுக்குப் பிடித்த படத்தின் கீழே இருக்கும் இதயக் குறியைத் தொட்டுவிடச் சொல்வேன். அவர்கள் தொட்ட படங்களைச் சாயங்காலம் பஜாரில் இருக்கும் ஸ்டூடியோவில் 4க்கு 6 அளவில் போட்டு, மறுநாள் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர்கள் தேர்ந்ததும் நான் தேர்ந்ததும் ஒருமுறைகூடப் பொருந்தியதில்லை. நேராக நின்று, காமிராவைப் பார்த்து, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு இருக்கும் படங்களைத்தான் அவர்கள் தொடுகிறார்கள். தொகுப்பில் சேர்க்கத் தகாதவை என்று நான் ஒதுக்கிவைத்திருந்தவை அவை. இப்போது அவற்றுக்கென்றே ஒரு தொகுப்பு இருக்கிறது, ஊரில் முதலில் காட்டுவதும் அதைத்தான்.

மின்கட்டண ரசீதைக் கண்டுபிடித்த அந்த ஓடாவி அண்ணாச்சியிடம் சென்ற ஆண்டு மறுபடியும் போனேன். தோணி கட்டும் தொடரில் இருபத்திரண்டு படங்கள், திருத்தமாகப் பூட்டிய டேப்லெட், சரியான நிறம், கொட்டகை நிழல் என்று எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துகொண்டு அவர் மடியில் வைத்தேன். ஒருமுறை முழுவதும் பார்த்தார். திரும்ப முதலிலிருந்து பார்த்தார். பிறகு, "படம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. தோணிதான் கட்டுனபாடா இல்ல" என்றார். ஒளி எங்கே மென்மையாக இருக்கிறது, எங்கே கடுமையாக மாறுகிறது என்பதை வைத்து நான் அமைத்திருந்த வரிசையில், பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை அடிக்கும் கலப்பத்து வேலை முதலில் வந்து, தோணியின் விலா எலும்பான வங்குகளைப் பொருத்துவது அதற்குப் பின்னால் வந்திருந்தது. அடிமரமான ஏரா கடைசிக்கு முந்தின படம். "ஏரா இல்லாம வங்கு எதுல நிக்கும்? பலகையே இல்லாத இடத்துல கலப்பத்து எங்க அடிப்பிய?"

பூட்டைத் திறந்து கொடுத்தேன். படத்தை விரலால் அழுத்திப் பிடித்து இழுத்தால் இடம் மாறும் என்று சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம்தான் ஆயிற்று. ஏரா, முன்முனையான அணியத்துக்கும் பின்முனையான அமரத்துக்குமான மரங்கள், வங்கு, பலகை, கலப்பத்து என்று அவரே அரைமணி நேரத்தில் தோணியைக் கட்டி முடித்தார். கட்டும்போது மூன்று இடத்தில் நின்று, இங்கே ஒரு படம் இல்லையே என்றார்: ஏரா வைக்கும் நாளில் நடக்கும் பூசை, பலகையை நெருப்பில் வாட்டி வளைப்பது, முடிந்த தோணியைத் தண்ணீரில் இறக்குவது. அந்த மூன்று இடங்களிலும் சாம்பல் நிறச் சட்டங்களைச் செருகி, அவர் சொன்ன பெயர்களை எழுதி வைத்தேன். பலகை வாட்டுவதை ஆவணியில் ஒரு பழுது வேலையின்போது எடுத்துவிட்டேன். பழுது முடிந்த தோணி இறங்கியபோது அதற்கும் ஒரு படம் கிடைத்தது, புதுத் தோணி இல்லையென்றாலும் பரவாயில்லை என்று அண்ணாச்சி ஒப்புக்கொண்டார். ஏரா வைக்கும் பூசையின் இடம் மட்டும் இன்னும் சாம்பல் நிறத்தில்தான் இருக்கிறது. புதுத் தோணிக்கு யாராவது முன்பணம் கொடுத்தால் அன்றைக்கே போன் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.